செங்கோடன் மகளை வழியனுப்பினார்

செங்கோடன் குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். அதனால் குரு அவரை "அண்ணா" என்பார். அவர் குருவை "சாமி" என்பார். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் கிடையாது.

அந்தப் பங்குனியில் மேல்மலை எரிந்துகொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அடிவாரத்தில் முதலில் அகப்படுவது செங்கோடன் வீடுதான். பட்டப்பகலில் மான்கள் கீழே இறங்கின. காயப்போட்ட துணியில் சாம்பல் விழுந்தது. செங்கோடன் குருவைத் தேடிப் போனார்.

"சாமி, வீட்டுக்கு ஒருக்கா வந்து பாருங்க. என்னமோ ஒண்ண விட்டுப்போட்டேன்னு தோணுதுங்க" என்றார்.

குரு போய்ப் பார்த்தார். கூரையிலிருந்த ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட்டிருந்தது. வீட்டைச் சுற்றிலும் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கியிருந்தது. விறகை எங்கோ தள்ளி அடுக்கியாயிற்று. தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் நனைத்த சாக்குகள். மாட்டுக்குக்கூட ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. மனிதர் எலும்பு தேய உழைத்திருந்தார்.

குரு செங்கோடனின் மனைவி மாராயியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இத்தனை வேலையும் எதுக்குன்னு தெரியுமா அம்மிணி?"

"பாம்பு வராம இருக்கன்னாருங்க." அவள் பார்வை மலைப்பக்கம் போய்த் திரும்பியது. "நானும் மேல கேட்டுக்கலைங்க."

செங்கோடன் குருவை ஓரமாக இழுத்தார். "வீட்டுல நாங்க அந்தப் பேச்சே எடுக்கறதில்லைங்க சாமி. வெளக்கைக்கூட அணைன்னு சொல்ல மாட்டோம், அமத்துன்னுதான். சொன்னா நடந்துருமோன்னு பயமுங்க."

குரு அவருடைய மகள் பவளத்தைக் கூப்பிட்டார். அவளுக்கு ஏழு வயது.

"பவளம், வீட்டுல தீப்பிடிச்சா நீ என்ன செய்வே?"

செங்கோடன் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.

"கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன். அப்பா வந்து தூக்கிக்குவாரு."

"அப்பா மாட்டை அவுக்கப் போயிருந்தா?"

"வர்ற வரைக்கும் அங்கேயே இருப்பேன்."

மலையில் மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்டது.

குரு கீழே இருந்த ஓடையைக் காட்டினார். "எல்லாரும் போய்ச் சேர வேண்டிய எடம் அந்த மணல்தான். யாரு முந்திப் போனாலும் அங்கேயே நிக்கணும். இப்பவே போய்ப் பழகிக்கலாம். மொதல்ல புள்ளையை அனுப்புங்க அண்ணா."

செங்கோடன் மகளின் தலையைத் தடவினார். "போயிட்டு வா கண்ணு."

பவளம் ஓடினாள். ஓடை மணலில் காலை வைத்தாள். வைத்த வேகத்தில் திரும்பி வீட்டுக்கே ஓடிவந்துவிட்டாள். விளையாட்டில் ஜெயித்துவிட்டவள்போல அவளுக்கு ஒரே சிரிப்பு.

"அங்கேயே நிக்கச் சொன்னேனே, ஏன் வந்தே?" என்றார் குரு.

"அப்பா போயிட்டு வான்னாரே."

செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டார். எரிகிற வீட்டுக்குள் மகள் சிரித்துக்கொண்டே ஓடிவருவதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னொருக்கா அனுப்புங்க அண்ணா. 'போ'ன்னு மட்டும் சொல்லுங்க."

"சாமி, கடைக்கு அனுப்பறப்பக்கூட நான் வெறும் 'போ'ன்னு சொன்னதில்லைங்க. எழவு வீட்டுல இருந்து கெளம்பறப்பத்தானுங்க வர்றேன்னு சொல்லாமப் போவோம். பெத்த வாயால அதை எப்படிங்க சொல்றது?"

குரு மலையைப் பார்த்து நின்றார். காற்று இப்போது அவர் முகத்தில் அடித்தது. அதில் சூடு இருந்தது.

"சொல்லலைன்னா அவ வந்துருவா அண்ணா."

செங்கோடன் மகளை மறுபடி வாசலில் நிறுத்தினார்.

"போ" என்றார்.

பவளம் நகரவில்லை. மிச்ச வார்த்தைக்காக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்கோடன் வாயை இறுக மூடிக்கொண்டார்.