கூட்டுப்பைக்கு ரெண்டு கோட்டிங்

"இந்தப் பை ஒழுகுமா?"

கடைக்குள் காலை வைத்ததும் சௌந்தரபாண்டி கேட்டது இதைத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு வேணும்?"

"மலைக்கு. நேர்த்திக்கடன்."

கூதல்மலைக்கு நேர்ந்துகொண்டவர்கள் ரெண்டு ராத்திரி மலையில் படுக்க வேண்டும். கூரை கூடாது. கூடாரமும் கூரைதான், அதுவும் கூடாது. உடம்பை ஒட்டிப் போர்த்திக்கொள்கிறது எதுவானாலும் சரி. அதனால் அடிவாரத்தில் கூட்டுப்பை விற்கிறார்கள். ஆள் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்கிற மழைப்பை அது.

ரஞ்சிதம் பையும் விற்பாள், வாங்கினவர்களை மேலே கூட்டிக்கொண்டும் போவாள். வயசு முப்பத்தாறு. நரைத்த தலையெல்லாம் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடும்.

சௌந்தரபாண்டிக்கு அறுபத்தொன்று. மதுரையில் மொட்டைமாடி ஒழுகல் அடைக்கிற காண்ட்ராக்டர். எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். ரஞ்சிதத்தின் கடைக் கூரையையும் பார்த்து உதட்டைப் பிதுக்கியாகிவிட்டது.

"யாருக்காக நேர்ந்தது?"

"எனக்காகத்தான். போன வருஷம் நெஞ்சில சளி கட்டி, மிஷின்ல மூச்சு விட்டுக்கிட்டுக் கிடந்தேன். பதினோரு நாள். பிழைச்சு எந்திரிச்சா என்னை இங்க ரெண்டு ராத்திரி படுக்க வைக்கிறேன்னு இவ நேர்ந்துக்கிட்டா." பின்னால் கையைக் காட்டினார். "வேண்டிக்கிட்டது அவ, படுக்கறது நான். நல்லா இருக்குல்ல நியாயம்?"

வாசல் ஸ்டூலில் குணவதி முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுந்தரையில் கிடந்ததில் போன முட்டி அது. புருஷன் பேசியதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ரஞ்சிதம் ரெண்டு பையை எடுத்துப் போட்டாள். ஒன்று தடித்த பிளாஸ்டிக். இன்னொன்று மெல்லிசுத் துணி.

அவர் ரெண்டின் மேலும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ரெண்டும் ஒழுகவில்லை.

"அப்போ தடிச்சதே இருக்கட்டும்."

ரஞ்சிதம், தான் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை மெல்லிசுத் துணியால் மூடினாள். எட்டி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துணிக்கு மேலே பிடித்தாள்.

கண்ணாடியில் ஆவி படிந்து வெளுத்தது.

துடைத்துவிட்டு, இந்தத் தடவை பிளாஸ்டிக்கால் மூடிப் பிடித்தாள். கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

"மெல்லிசை எடுத்துக்கங்க."

"அய்யய்யோ! ஆவி வெளியே போற வழியில தண்ணி உள்ளே வராதா?"

"வராதுய்யா."

"முப்பது வருஷமா இதே தொழில்தான் தாயி பண்றேன். ஊசி நுழையற சந்து இருந்தாலும் விடமாட்டேன்."

"மெல்லிசு," என்றாள் ரஞ்சிதம்.

வாங்கிக்கொண்டார். வாங்கினாரே தவிர மனசு கேட்கவில்லை. சத்திரத்துக்குப் போனதும் மாடிக்கு அடிக்கிற ரப்பர் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பையின் உள்பக்கம் ரெண்டு கோட்டிங் கொடுத்துவிட்டார். நேர்த்திக்கடனுக்கு வந்த மனுஷன் பெயிண்ட் டப்பாவோடா வருவார் என்று கேட்காதீர்கள். கல்யாண வீட்டுக்கே டப்பாவோடு போகிற ஆள் அவர்.

மறுநாள் குணவதியைச் சத்திரத்தில் விட்டுவிட்டு, அவரும் ரஞ்சிதமும் ஏறினார்கள். கீழ்ப்பாறையில் முதல் ராத்திரி கழிந்தது.

விடிந்ததும் ஒரே சத்தம்.

"ஒழுகுது தாயி! நான் அப்பவே சொன்னேன். மெல்லிசுன்னா ஒழுகத்தான் செய்யும்."

பல் தந்தியடித்தது. சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ரஞ்சிதம் பாறையைத் தொட்டுப் பார்த்தாள். "ராத்திரி மழை பெஞ்சுதா?"

அவரும் பாறையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"இல்ல."

"சட்டையைப் பிழிஞ்சு ஒரு சொட்டு நாக்குல வைங்க."

"சீச்சீ!"

"வைங்கய்யா."

வைத்தார். முகம் கோணியது. "உப்புக் கரிக்குது."

"மழையில உப்பு ஏதுய்யா?"

ரஞ்சிதம் பைக்குள் கையை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தாள்.

"எத்தனை கோட்டிங்?"

"ரெண்டு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இறங்குங்க. அடுத்த வருஷம் வாங்க."

"தாயி!"

"இன்னைக்கு மேல்பாறை. அங்க காத்து வேற மாதிரி. இந்தப் பைக்குள்ள இன்னொரு ராத்திரி நனைஞ்சீங்கன்னா காலையில உங்களை எழுப்ப முடியாது. ஏற்கெனவே நெஞ்சு நொந்த ஆளு நீங்க."

சௌந்தரபாண்டி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஈரச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. அடுத்த வருஷமும் வருவேன். அவதான் அதுவரைக்கும் தூங்கமாட்டா. நேர்ந்தது நிறைவேறலைன்னு ஒரே பயம். ராத்திரி ரெண்டு தடவை மூணு தடவை எந்திரிச்சு என் மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்க்கிறா."

"எதுக்கு?"

"மூச்சு வருதான்னு."

ரஞ்சிதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முழிச்சிருப்பேன்."

"முழிச்சுக்கிட்டு என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்றதில்ல. தூங்குற மாதிரி இருந்துக்குவேன்."

"பிழைச்சு வீட்டுக்கு வந்தப்போ?"

"அப்பவும் என்னத்தைச் சொல்ல? கட்டின பொண்டாட்டிகிட்டப் போய் அதையெல்லாம் சொல்லிக்கிட்டு... உள்ளே இருக்கு தாயி. இல்லாமலா?"

"உள்ளேயேவா?"

"உள்ளேயேதான்."

ரஞ்சிதம் எழுந்தாள். சுருட்டி வைத்திருந்த தன் பையை எடுத்து அவர் மடியில் போட்டாள். அவருடைய பையை மடித்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு?"

"காஞ்ச சட்டை இருந்தா மாத்துங்க. நடங்க."

அன்று ராத்திரி மேல்பாறையில் நிஜமாகவே மழை பெய்தது. துணிக்கு மேலே விழுகிற ஒவ்வொரு சொட்டும் அவருக்குக் கேட்டது. எப்போது உள்ளே வரப்போகிறது என்று தலைமாட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். வரவில்லை. தடவிக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையில் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் ஒரு சத்தம் போட்டபடி வெளியே வந்தவர், ரஞ்சிதத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் ஒரு பாறையில் சாய்ந்து, நனைந்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சுள்ளியை ஊதி ஊதி டீ போட்டுக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் பக்கத்தில் போய் நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல."

"சரி. டீயைக் குடிங்க."

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கூதலப்பன் என்பது அங்கே ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான். சூடம் கொளுத்திக் கும்பிட்டார். மலையில் அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். சத்திரத்துக்குப் போட்டார்.

"முடிஞ்சுது குணவதி."

"நல்லபடியா முடிஞ்சுதா? அப்பனே, கூதலப்பா! பை ஒழுகலையே?"

"ஒழுகல."

"வேளைக்கு மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்போ பார்த்து இறங்கி வாங்க. வெச்சிடவா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி ரஞ்சிதம் அவருடைய பையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாறையில் விரித்திருந்தாள். கத்தியைப் படுக்க வைத்து, பெயிண்டை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தாள். துணி கிழியாமல் எடுக்கிற வேலை. கொஞ்சம்தான் வந்திருந்தது.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். குணவதி..."

"சொல்லுங்க."

"ராத்திரி நீ என் மூக்குல விரல் வெச்சுப் பார்க்கிறப்போ நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உன்னாலதான் இந்த மூச்சு ஓடுது. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லத் தெரியல. நீ அந்தத் தரையில கிடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். ரொம்ப நன்றி குணவதி."

"போனை அந்த வாத்தியாரம்மாகிட்டக் குடுங்க."

கொடுத்தார்.

"ஏம்மா, என்னாச்சு அவருக்கு? இப்படியெல்லாம் பேசுற ஆளே இல்லையே! காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா? கொஞ்சம் தொட்டுப் பாரேன், தாயி!"

ரஞ்சிதம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு."