தேயாத முனை

ஓசூர்ப் பட்டறை ஒன்றில் டைட்டானியம் கலவைக் கம்பியைக் கடைய, லேசரால் சூடேற்றும் புது மெஷின் வந்தது. சூட்டில் உலோகம் இளகிக்கொடுக்கும் என்பது கணக்கு. மேலாளர் தணிகாசலம் சூட்டைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டினார். வெட்டும் முனைகள் கருகித் தேய்ந்தன. பழியை மெஷின் ஓட்டும் பூங்கோதை மேல் போட்டார்.

"சூட்டைக் கொஞ்சம் குறைங்க சார்" என்றாள் அவள்.

"எனக்கே பாடமா? நாளைக்கு முதலாளியம்மா வர்றாங்க. முனை துளிகூடத் தேயக்கூடாது. தேய்ஞ்சா உனக்கு வேலை இல்லை."

மறுநாள் எல்லோரும் சுற்றி நிற்க, மெஷின் கதவை மூடிவிட்டு ஓட்டினாள். நின்றதும் முனையைக் கழற்றி நீட்டினாள். புத்தம்புதுசாக மின்னியது. தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தி அதை முதலாளியம்மாவிடம் கொடுத்தார்.

"சரி, கடைஞ்ச பாகம் எங்கே?" என்றார் அந்தம்மா.

கதவைத் திறந்தால், கம்பி போட்டபடியே இருந்தது.

"முனை தேயக்கூடாதுன்னு சார் உத்தரவு. அதான் கம்பியில படாம ஓட்டினேன்" என்றாள் பூங்கோதை பணிவாக.

பட்டறையே சிரித்தது. தணிகாசலத்துக்குக் காது மடல்கள் சுட்டன.

"அப்போ முன்னாடி தேய்ஞ்ச முனையெல்லாம்?" முதலாளியம்மா கேட்டார்.

பூங்கோதை வாய் திறக்காமல் தரையைப் பார்த்து நின்றாள். அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் தணிகாசலத்தை அதிகம் கூசவைத்தது.

"சூட்டைக் கூட்டினது நான்தாம்மா. பழியை இவங்க மேல போட்டேன்" என்றார், குரல் எழும்பாமல்.

பிறகு சூட்டைக் குறைத்து நிஜமாகவே கடைந்தார்கள். பாகம் நன்றாக வந்தது. லேசாகத் தேய்ந்த முனையைப் பூங்கோதை நீட்டியபோது தணிகாசலத்தின் கை வாங்கிக்கொண்டது, முகம் நிமிரவில்லை.