எருமை நக்கிய பிரம்பு

ஆலங்காட்டுக் குளக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். வாத்தியார் ஒரு வெள்ளைக் கொக்கு. முயல், மான், குரங்கு, அணில் எல்லாம் அங்கேதான் படித்தன. வகுப்பு மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. தாகம் எடுத்தால் யாரும் போய்க் குடிக்கலாம். சொக்கி என்ற எருமைக்கன்று மட்டும் குடிக்கக் கூடாது. அதற்கு வேலியோரம் தனியாக ஒரு கொட்டாங்குச்சி.

ஒரு நாள் சொக்கி, "இனிமே நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்று படுத்துவிட்டது. காரணத்தைக் கேட்டதும் தாய் எருமை காரிக்கு மூக்கு விடைத்தது. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் காடெல்லாம் பேரம் பேசி, உதைபட்டு, தானாக நிமிர்ந்த எருமை அது. கன்றைத் தள்ளிக்கொண்டு நேரே வகுப்புக்குள் நுழைந்தது.

"என்ன வாத்தியாரே, என் பொண்ணுக்கு மட்டும் கொட்டாங்குச்சியாமே?"

"கோபப்படாதே. சேத்துல புரள்ற சாதி நீங்க. தொட்டா தீட்டு."

"விடிஞ்சதும் என் முதுகுல ஏறி உண்ணி பொறுக்கித் தின்னீங்களே! அப்ப தீட்டு எங்க போச்சு?"

"அது ஆகாரம்! இது ஆசாரம்!" என்று கழுத்தை நீட்டியது கொக்கு.

ஒரே முட்டாக முட்டித் தள்ளலாமா என்றிருந்தது காரிக்கு. முட்டினால் வாத்தியார் விழுவார், கொட்டாங்குச்சி விழாதே! கொம்பை அடக்கிக்கொண்டு பேரத்தில் இறங்கியது.

"சரி, ஒத்துக்கறேன். ஆனா வாய்ப்பேச்சு வேணாம். எருமை தொட்டதை இங்க யாரும் தொடக்கூடாதுன்னு பலகையில எழுதுங்க."

இவ்வளவு மலிவாக முடிந்ததே என்று கொக்குக்கு ஏகச் சந்தோஷம். கொட்டை எழுத்தில் எழுதியது.

"சொக்கி, அந்த நாற்காலியை நக்கும்மா" என்றது காரி.

எருமை நாக்கு என்ன சின்ன நாக்கா! ஒரே இழுப்பில் நாற்காலி பளபளத்தது.

"ஐயையோ, என் நாற்காலி!"

"உங்க நாற்காலியா? தொட்டுப் பாருங்களேன்!"

கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அதற்குள் சொக்கி பள்ளிக்கூட மணியையும் நக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"சொக்கி, சொக்கி! என் கணக்கு நோட்டை ஒரு நக்கு நக்குடி! வீட்டுப்பாடம் போடலை!" என்று குதித்தது குரங்கு.

"பிரம்பு! பிரம்பு!" என்றது முயல். வகுப்பே சேர்ந்து கத்தியது. சொக்கி பிரம்பை அடியிலிருந்து நுனிவரை நிதானமாக நக்கியது. பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து அது வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

காரி அதோடு விடவில்லை. குளத்தில் இறங்கி, மூக்கு மட்டும் வெளியே தெரிய, சொகுசாகப் படுத்துக்கொண்டது.

"வாத்தியாரே! குளத்தையும் தொட்டாச்சு. மீனையும் சேர்த்துத்தான்!"

மதியம் ஆயிற்று. மீன்கள் கண்ணெதிரே துள்ளின. கொக்கின் வயிறு காந்தியது.

"காரி," என்று கரையில் நின்று குழைந்தது, "வாரத்துல ரெண்டு நாள் உன் பொண்ணு பானையில குடிக்கட்டுமே?"

"தாகம் என்ன, வாரத்துக்கு ரெண்டு நாளா வருது?"

"சரி, தினமும். ஆனா எல்லாருக்கும் கடைசியா."

"கத்திரிக்காய்க்குப் பேரம் பேசலாம் வாத்தியாரே, என் புள்ளைக்குப் பேச மாட்டேன்! எழுதினதை உங்க சிறகாலயே அழிங்க. கொட்டாங்குச்சியை உங்க அலகாலயே உடைங்க. அப்புறம் மீனைப் பத்திப் பேசலாம்."

கொழுத்த கெண்டை ஒன்று கொக்கின் காலடியிலேயே துள்ளிவிட்டுப் போனது. அவ்வளவுதான்! கொக்கு ஓடிப்போய்ப் பலகையை அழித்தது. கொட்டாங்குச்சியை டொக் டொக்கென்று கொத்தி உடைத்தது.

சொக்கி பானையருகே போனது. முகத்தை உள்ளே விட்டது. ஒரே மூச்சு. பானை காலி!

"எங்களுக்கு?" என்று கேட்டது அணில்.

"அதான் வாத்தியார் இருக்காரே!" என்றது குரங்கு.

கொக்கு பானையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தது.

ஒருவரைத் தீட்டென்று ஒதுக்கிவிட்டு அவரால் வரும் சுகத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடம் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பானைதான்.