ஒத்தைக் காசுக்கு ஒசந்த கள்ளு

பனங்காடு சூழ்ந்த ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல எச்சிக் கையால காக்கா ஓட்டாத ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு ஒரே மக. அந்தப் பொண்ணைத் தன் மகனுக்குக் கேட்டுப் பக்கத்து நாட்டு ராசா சம்பந்தம் பேச வர்றாருன்னு சேதி வந்துச்சு. வர்றவருக்கு இலையில கறி இல்லாட்டியும் பரவாயில்ல, கள்ளு நல்லா இருக்கணும். ஒரு மடக்குக் குடிச்சா எந்தப் பனையில எறக்குனதுன்னு சொல்லிப்புடுவாராம். ஏய், கள்ளுக் கதையான்னு இளிக்காதீக. கேக்குறதோட சரி, குடிக்க நெனச்சா காலை ஒடிச்சுப்புடுவேன்.

ராசா என்ன பண்ணுனாரு, அரமனையில தண்ணி எடுக்குற இருளாண்டியைக் கூப்பிட்டாரு. அவன் பல்லி கத்துனாலே பதறுறவன். அவன் கையில ஒரு காலிக் குடத்தையும் ஒத்தைக் காசையும் குடுத்து, "உச்சிப் பொழுதுக்குள்ள குடம் நெறைய ஒசந்த கள்ளு வரணும். இல்லேன்னா ஒன் தலை ஒடம்புல இருக்காது"ன்னாரு.

"மகராசா, ஒத்தைக் காசுக்கு..."

"அரமனைக் காசுடா அது. போ!"

போனான். ஊர்ல மூணு கள்ளுக்கடை, மூணும் பூவலிங்கத்துக்குத்தான். மரம் ஏறுறவுக அம்புட்டுப் பேரும் அவனுக்குத்தான் ஊத்தணும். மொதக் கடையில உள்ளங்கையில வாங்கிக் குடிச்சான், பாதி கெணத்துத் தண்ணி. அப்புறம் ரெண்டாங் கடைக்கு ஓடுனான், அங்க போதைக்கு ஊமத்தங்காயை நசுக்கிப் போட்டிருந்ததுல நாக்கு மரத்துப் போச்சு. அப்புறம் மூணாங் கடைக்கு ஓடுனான். நேத்தைய புளிச்ச கள்ளுல கருப்பட்டியைக் கரைச்சு வச்சிருக்கான், பாவிப்பய! கல்லாப்பெட்டிகிட்ட பூவலிங்கமே ஒக்காந்திருந்தான்.

"அண்ணே, நல்லது இல்லையாண்ணே?"

"இருக்கு, பத்துக் காசு. ஒத்தைக் காசு மூஞ்சிக்கு இதுதான்டா."

இருளாண்டி காலிக் குடத்தோட வெளிய வந்தான். பொழுது ஏறிக்கிட்டே போகுது, வீட்ல அவன் பொஞ்சாதி ஒச்சாயி நெறமாசமா இருக்கா. 'ஐயோ, புள்ள மொகத்தைப் பாக்காமலே போயிருவேன் போலருக்கே'ன்னு கடைக்குப் பின்னாடி போயி ஒக்காந்து அழுதான்.

அப்பப் பாத்தா, பூவலிங்கம் பின்கட்டுக்கு வந்து கை காலைக் கழுவுனான். எச்சி படாம வாயைத் துண்டால கட்டுனான். மூடி வச்சிருந்த பானையைத் தெறந்து, ஒரு சொட்டுத் தண்ணி கலக்காம ஒரு குடம் நெறைய மோந்தான். நொரை பூ மாதிரி பொங்குது! அதைத் தலையில வச்சு, செருப்பைக்கூடப் போடாம நடந்தான். எங்க? கம்மாக்கரை முனிசாமிக்குப் படையல். அவங்கப்பன் ஒருக்க படையல் கள்ளுல தண்ணி ஊத்தி ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சாம், அந்தப் பயம் மகனை விட்டுப் போகல.

இருளாண்டியும் பின்னாலயே போனான். பூவலிங்கம் குடத்தை எறக்கி வச்சுக் கும்புட்டுட்டு யாவாரத்துக்கு ஓடிட்டான். பூசாரி படைச்சுச் சூடம் காட்டித் திரும்பிப் பாத்தா, ஒருத்தன் நடுங்கிக்கிட்டு நிக்கான்.

"ஏன்டா, காய்ச்சலா?"

இருளாண்டி அம்புட்டையும் சொல்லி அழுதான். பூசாரி, "படைச்ச கள்ளு வந்து கும்புட்டவுகளுக்குத்தான்டா. எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிட்டாக, இன்னைக்கு நீ ஒருத்தன்தான் வந்திருக்க. காசைத் தட்டுல போடு, குடத்தைப் பிடி"ன்னு ஊத்திக் குடுத்தாரு.

ஓடுனான், ஓடுனான், அப்படி ஓடுனான். சம்பந்தி ராசா வந்து ஒக்காந்தாச்சு. மொத மடக்குக் குடிச்சாரு, புருவத்தைத் தூக்குனாரு. ரெண்டாம் மடக்கு, குடத்தை எட்டிப் பாத்தாரு. மூணாம் மடக்கை வாயில வச்சுக் கண்ணை மூடிட்டாரு. இருளாண்டி தன் கழுத்தைத் தானே தடவிப் பாத்துக்கிட்டான்.

"அடி சக்கை! ஓடைப் பனை, இன்னைக்கு விடியக்கால எறக்குனது. கலப்படமே இல்ல! என்ன வெலை?"

"ஒத்தைக் காசு"ன்னு நம்ம ராசா மீசையை முறுக்குனாரு.

"குடுத்தவனைக் கூப்பிடுங்க, தங்கக் காப்புப் போடுறேன்!"

சேதி தெருவுக்குப் போச்சு. பூவலிங்கம் விழுந்தடிச்சு ஓடி வந்து, "அது என் கள்ளுதான் மகராசா! என் கடையில யாரு கேட்டாலும் இதே கள்ளு, இதே வெலை"ன்னு கையை நீட்டுனான்.

இருளாண்டிக்குப் பொறுக்கல. பல்லு தந்தியடிக்க, "அப்படின்னா... முனிசாமி பேரைச் சொல்லி, கையால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க மகராசா"ன்னான்.

சூடம் எரியுது. பூவலிங்கம் கையைக் கொண்டு போறான், இழுத்துக்கிறான். கொண்டு போறான், இழுத்துக்கிறான். மூணாந்தடவை, "என் கண்ணு போயிரும் சாமி!"ன்னு அலறிக் கால்ல விழுந்து, தண்ணி, ஊமத்தங்காய், கருப்பட்டின்னு எல்லாத்தையும் கக்கிட்டான்.

நம்ம ராசா, "சரி, இனிமே எல்லாருக்கும் படையல் கள்ளுதான், ஒத்தைக் காசுக்குத்தான்னு அணைடா. இல்லேன்னா தலை போகும்"ன்னாரு. அவருக்கும் இனி ஒத்தைக் காசுல முடியுதுல்ல! பூவலிங்கம் அழுதுகிட்டே அணைச்சான். ராசாவை ஏய்ச்சிருப்பான், முனிசாமியை ஏய்க்க முடியுமா? சாகுற வரைக்கும் வாயைத் துண்டால கட்டிக்கிட்டு, கண்ணுக்குப் பயந்து பயந்து, ஊரு சனத்துக்கெல்லாம் நல்ல கள்ளே ஊத்துனான்.

சம்பந்தமும் பேசி முடிஞ்சுச்சு, காப்பு இருளாண்டி கைக்குப் போச்சு. அவன் தலையைத் தொட்டுப் பாத்துக்கிட்டே ஒச்சாயிகிட்ட ஓடுனான், என் கதையும் அவன் பின்னாடியே ஓடிருச்சு. சாமிக்கு ஊத்துற கையாலதான் மனுசனுக்கும் ஊத்தணும், தெரிஞ்சுச்சா?