கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி

தீப்பெட்டி ஆலை முதலாளி குணசீலன், ஆண்டுவிழா மேடையில் பள்ளிக்கூரைக்கென்று இரண்டு லட்சத்துக்குச் செக் நீட்டினார். வாங்கிக்கொண்டவள் பள்ளி ஆயா வெள்ளத்தாய். முந்தைய இரண்டு வருடச் செக்குகளையும் வங்கியில் போட்டவள் அவள்தான். இரண்டுமே மூன்றாம் நாள், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பிவிட்டன. பிள்ளைகள் இன்னும் ஒழுகும் கூரைக்கடியில்தான் படிக்கிறார்கள்.

அவள் செக்கைப் பார்த்துவிட்டு, மைக்கின் அருகே நின்றபடியே கேட்டாள்.

"முதலாளி, கையெழுத்துக்குக் கீழே ரெண்டு புள்ளி வைக்க மறந்துட்டீங்களே."

"என்ன புள்ளி?"

"என் மக உங்க ஆலையிலதானே வேலை பாக்குறா. அவ சம்பளச் செக்குல ரெண்டு புள்ளி இருக்கும், பணமாயிருது. பள்ளிக்கூடத்துச் செக்குல இருக்கிறதில்லை, திரும்பி வந்துருது. வேலை மும்முரத்துல மறந்திருப்பீங்க."

முதலாளியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வெள்ளத்தாய் பேனாவைத் திறந்து பணிவாக நீட்டினாள். அவர் இரண்டு புள்ளிகளையும் வைத்தார். பிறகு எப்படியாவது மேடையை விட்டு இறங்கினால் போதுமென்று, மாலைக்காகக் கழுத்தை நீட்டினார்.

வெள்ளத்தாய் அவருக்கென்று வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்து, மேடையோரம் இருந்த வாளியில் வைத்தாள்.

"தண்ணி தெளிச்சு வைக்கிறேன், முதலாளி. மூணு நாள்ல பணம் ஏறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."