கணுவும் ஒட்டும்

சாமை கதிர் விட்டிருந்த ஒரு பருவத்தில், மலையடிவாரக் குடிசை ஒன்றின் சுவர் முளையில் ஒரு நாண் தொங்கிக்கொண்டிருந்தது. மரல் செடியின் நாரைத் தொடைமேல் வைத்துத் திரித்து, அந்த வீட்டுக்காரி ரங்கி செய்த நாண். அது ஏற வேண்டிய வில் இன்னும் வில்லாகவில்லை. அடுப்புக்கு மேலே, புகை படும் பரணில், வெறும் கழியாகக் கிடந்தது.

சடச்சி மரத்துக் கழி. நடுவுக்குச் சற்று மேலே அதில் ஒரு கணு, மூடாத கண்ணைப் போல. முளையிலிருந்து பார்த்தால் நாணுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மாற்றுக் கழியும் இல்லை. நேராக இருந்த ஒன்று உளுத்துப்போயிருந்தது. காட்டுப் பன்றிகளோ சாமைக் கொல்லையின் வேலிவரை வந்து மோந்துவிட்டுப் போயிருந்தன.

இழுக்கும்போது வில் ஒடிந்தால் நாணும் தப்பாது. அதற்கு முன் திரித்த நாணான அதன் அக்கா அப்படித்தான் அறுந்தது. மிஞ்சிய துண்டு இப்போது வாசல் படலைக் கட்டிக்கொண்டிருந்தது.

நாண் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டது. "அந்த இடத்தில் ஒடிந்துவிடுவாயா?"

"தெரியாது" என்றது கழி.

"தெரியாதா? உன்னை நம்பித்தான் என்னைத் திரித்திருக்கிறார்கள்."

"கேட்டாய், சொன்னேன்."

மூலையிலிருந்த வாய்ச்சி சிரித்தது. மரம் செதுக்கிச் செதுக்கி அதன் வாய் பளபளத்தது. "என்னிடம் விடுங்கள். இரண்டு கொத்தில் மழமழவென்று ஆக்கிவிடுகிறேன். கணு இருந்ததே தெரியாது."

நாணுக்கு உயிர் வந்தது. "அதைத்தான் செய்யேன்."



மறுநாள் ரங்கியின் புருஷன் காரான் கழியை இறக்கினான். வாய்ச்சியால் மேல்தோலை எடுத்தான். கணு வந்ததும் வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சின்னக் கத்தியை எடுத்தான். கணுவைத் தொடாமல், அதைச் சுற்றி வளைந்தோடிய ரேகையோடு கத்தியை நடத்தினான். அந்த இடம் புடைப்பாகவே நின்றது.

ரங்கி எட்டிப் பார்த்தாள். "வில்லு செய்யறயா, எலி முழுங்கின பாம்பு செய்யறயா?"

"கணுவச் சுத்தித்தான் ரேகை ஓடுது. அத வெட்டினா அங்கயே விட்டுரும்."

"நீ அதத் தடவிக்கிட்டே இரு. பன்னி சாமையத் தின்னுட்டு, சொல்லிட்டுப் போகும்."

"சொல்லிட்டுப் போற பன்னியாச்சும் உன்னவிட மரியாத தெரிஞ்சது."

வாய்ச்சி அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடந்தது.

நாணின் கலக்கம் கூடியது. "மழமழப்பாக ஆகியிருக்கலாமே."

"அங்கே ஒரு கிளை இருந்தது" என்றது கழி. "காற்றில் முறிந்தது. அப்புறம் என் ரேகையெல்லாம் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. நான் நேராக இல்லாததற்குக் காரணம் அதுதான். ஒடியாமல் நிற்பேனென்றால் அதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்."

"இருக்கலாம் என்கிறாயே."

"வேறென்ன சொல்ல?"

கழி வளையத் தொடங்கியதும் காரான் நாணைத் தளர்வாக ஏற்றினான். கொஞ்சம் இழுப்பான், தள்ளிநின்று வளைவைப் பார்ப்பான், விறைப்பாக நிற்கும் பக்கத்தைச் சுரண்டுவான், மறுபடி இழுப்பான். ஒவ்வொரு இழுப்பிலும் நாண் கணுவையே கவனித்தது. கணுவில் ஒரு முனகல் கேட்கும். நாண் விறைத்துப்போகும்.

அப்படி ஒரு முறை, பாதி வில்லாகிவிட்ட அந்தக் கழி கேட்டது. "நீ என்மேல் ஏறும்போதெல்லாம் முனையில் ஏதோ உறுத்துகிறது. அது என்ன?"

 நாணின் முனைக் கண்ணிக்குக் கீழே, நார் போதாமல் ரங்கி வேறு நார் சேர்த்துத் திரித்த இடம் ஒன்று இருந்தது. முளையில் தொங்கிய நாளெல்லாம் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டியே வைத்திருந்தது அது.

"ஒட்டு" என்றது கடைசியில்.

"தாங்குமா?"

 "தெரியாது" என்றது நாண்.



விடிகாலையில் பன்றிகள் வந்தன. காரான் வேலியோரம் மண்டியிட்டு நாணைக் காதுவரை இழுத்தான். அவ்வளவு தூரம் இழுத்தது அதுதான் முதல் தடவை. கணு முனகியது. ஒட்டில் ஒரு நார் பிரிந்து சிலிர்த்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள நேரமில்லை. அம்பு போனது. முன்னால் வந்த பன்றி விழுந்தது. மற்றவை ஓடைப்பக்கம் சிதறி ஓடின.

வீடு வந்ததும் காரான் நாணை அவிழ்த்து முளையில் மாட்டினான். உடம்பெல்லாம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த நாண், படலில் கட்டியிருந்த துண்டைக் கூப்பிட்டது.

"அக்கா, உன் வில்லில் கணு எந்த இடத்தில் இருந்தது?"

"கணுவா? அதில் ஏது கணு" என்றது அக்கா. "வழவழவென்று, பார்த்தாலே நம்பிக்கை வரும். நானும் நல்ல திரிப்பு. நாங்கள் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொண்டதே இல்லை."

பன்றிகள் மறுநாளும் வரக்கூடும். பொழுது புலரும் முன்பே காரான் எழுந்து, வில்லை முழங்காலில் ஊன்றி வளைத்து, நாணை ஏற்றினான்.

"கணு எப்படி இருக்கிறது?" என்றது நாண்.

"வலிக்கிறது" என்றது வில். "உன் ஒட்டு எப்படி இருக்கிறது?"