கை தூக்காதவர்

கோவையில் பம்ப் செட் செய்யும் கம்பெனி ஒன்றின் தலைவர் விசாகன். அவர் அருளம்மையைத் தேடி மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. அருளம்மை வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் விசாகனுக்கு அவர்தான் குரு.

"முகம் சரியில்லையே," என்றார் அருளம்மை.

"நாளைக்குப் பங்குதாரர் கூட்டம்ங்கம்மா. இயக்குநர் குழுவிலிருந்து ரெஜினாங்கறவங்களை நீக்கப் போறேன். ஓட்டு என் பக்கம்தான்."

"என்ன தப்புப் பண்ணினாங்க?"

"எதுக்கெடுத்தாலும் வேண்டாம்ங்கறாங்க. இரும்பு வார்க்கிற ஆலை ஒண்ணை வாங்கலாம்னு எல்லாரும் கை தூக்கினாங்க. அவங்க மட்டும் நேரா அங்கே போய் உலையைப் பார்த்துட்டு வந்து, இது தேறாதுன்னாங்க."

"யாரோட ஆலை?"

விசாகன் சற்றுத் தயங்கினார். "என் மச்சானோடது."

அருளம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தனியா முடிவெடுத்த வருஷமெல்லாம் லாபம்தாங்கம்மா. அப்புறம் கேள்வி கேட்கறதுக்குன்னு ஒரு குழு எதுக்கு?"

அருளம்மை எழுந்தார். "வாங்க, ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசலாம்."

வரும் வழியில் விசாகன் அந்த ஓடையைப் பார்த்திருந்தார். ராத்திரி வந்த வெள்ளத்தில், மரப்பாலத்துப் பலகைக்கு அடியில் நடுக்கால் பெயர்ந்து சாய்ந்து கிடந்தது. சொல்ல வாயெடுத்தார். குருவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஏதோ காரணம் வைத்துத்தான் கூப்பிடுகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்.

ஆசிரமத்துச் சீடர்கள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். அவர்கள் முகம் வெளிறியிருந்தது.

தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. அருளம்மை பலகையில் ஏறினார். பாலம் முனகியது. விசாகன் சீடர்களைப் பார்த்தார். சீடர்கள் அவரைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னும் ஓரடி. பலகை ஒரு பக்கமாக இறங்கியது.

விசாகன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். நடுக்கால் முறிந்து, பாலமே வெள்ளத்தோடு போனது.

அருளம்மை எழுந்து உட்கார்ந்தார்.

"பாலம் இப்படி இருந்ததை எப்பப் பார்த்தீங்க?"

"வரும்போதேங்கம்மா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கூப்பிட்டீங்க. உங்களை மறிச்சு எப்படிச் சொல்றது..." விசாகன் அவர் முகத்தைப் பார்த்தார். "எனக்குப் புரிய வைக்கத்தான் தெரிஞ்சே கால் வெச்சீங்களா?"

"இல்லை. எனக்குத் தெரியாது."

விசாகன் திகைத்துப் போனார்.

அருளம்மை சீடர்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

மூத்தவர் தலை குனிந்தார். "விடியக்காலையிலேயே பார்த்துட்டோம்மா."

பாலம் இருந்த இடத்தைப் பார்த்தபடி அருளம்மை சொன்னார்:

"விசாகன், நாளைக்கு ரெஜினாவை அனுப்பிட்டீங்கன்னா, அவங்களை இங்கே வரச் சொல்லுங்க."